கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்

கிராய்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டுவாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பெரியவன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். குளிர் இன்னும் விட்டபாடில்லை. சரி, நலம் விசாரிப்பு அவ்வளவுதான். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் கேட்டேன். ஊருக்குத் தண்ணீர் தரும் கிணற்றைத் தூர்வாரப் போகிறீர்கள், ஆட்களை உள்ளே இறக்கப் போகிறீர்கள், சப்ளையை மட்டும் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. "அவங்க உள்ள வேலை பார்க்கிறப்பவே பாதி நேரம் மோட்டார் ஓடும்டி, வேற வழியில்ல" என்றாய். அப்புறம் உன் வழக்கப்படி ரமா வீட்டுக் கல்யாணத்துக்குத் தாவி, அந்த ரசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் புலம்பினாய். ரசத்தைப் பற்றி நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மோட்டார் ஓடும் என்று சொன்னாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஏன் தெரியுமா? நான் குடியிருக்கும் இதே ஊரில் 1937இல் இதே வேலையை இதே மாதிரிதான் செய்தார்கள். டைபாய்டு பரவி 43 பேர் செத்துப்போனார்கள்.

பொறுமையாகப் படி. ஹாஸ்டலில் என் நோட்டைப் பார்த்து எழுத உனக்கு எவ்வளவு பொறுமை இருந்தது, அதில் பாதி போதும்.

முதலில் அந்தக் காலத்து கிராய்டன் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ வசதியில்லாத ஊரில் நடந்த கதை என்று தள்ளிவிடுவாய். லண்டனுக்குத் தெற்கே ஒட்டிய ஊர் இது. 1931 கணக்கெடுப்பிலேயே இரண்டே கால் லட்சத்துக்கு மேல் ஜனம். லண்டனின் முக்கியமான விமான நிலையமே அப்போது இங்கேதான் இருந்தது. நகரத்துப் புகையும் நெரிசலும் வேண்டாம் என்று வந்தவர்கள் முன்னும் பின்னும் தோட்டம் வைத்த வீடுகளில் குடியேறி, காலையில் ரயிலேறி லண்டன் ஆபீஸ்களுக்குப் போய்வந்தார்கள். கவுன்ட்டி பரோ என்ற அந்தஸ்து இருந்ததால் தண்ணீர், சாக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே நகரசபையின் கையில். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

சுகாதார ஏற்பாடுகளைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். இரண்டு போர்களுக்கு நடுவே இருந்த இந்தக் காலத்தைப் பற்றிப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. லண்டன் பகுதிச் சுகாதார அதிகாரிகள் வருஷா வருஷம் எழுதிய அறிக்கைகளில் 5,000-க்கும் மேல் வெல்கம் என்ற மருத்துவ வரலாற்று நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. பிள்ளைகள் தூங்கியதும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை தவறியது, எத்தனை பால் சாம்பிள் எடுத்தார்கள், எந்தத் தெருவில் எலி, எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தேசிய சுகாதார சேவை 1948இல்தான் வந்தது. அதற்கு முன்னால் 1911 காப்பீட்டுச் சட்டம் சம்பளக்காரனுக்கு மட்டும் டாக்டரைக் கொடுத்தது. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கவில்லை. காசு கொடுத்து டாக்டரைப் பார்க்க முடியாத வீட்டில் தாய்க்கும் குழந்தைக்கும் நகரசபை கிளினிக்தான் கதி.

குழந்தை பிறந்தால் 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன் பிறகு ஒரு ஹெல்த் விசிட்டர், அதாவது தாய் சேய் நலம் பார்க்கும் நர்ஸ், வீடு தேடி வருவார். ஆமாம், இன்று நான் பார்க்கும் அதே வேலை. 1918 சட்டத்துக்குப் பிறகு தாய் சேய் நல நிலையங்கள் பெருகின. பள்ளிகளுக்கு 1907 சட்டத்தின்படி டாக்டர் உண்டு. 1934 முதல் பிள்ளைகளுக்கு அரைப் பென்னிக்கு மூன்றில் ஒரு பைன்ட் (ஏறக்குறைய 190 மில்லி) பால். ஏழைகள் இல்லத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளை 1929 சட்டம் நகரசபைகளிடம் ஒப்படைத்தது. இங்கே பழைய ஆட்கள் இன்னும் மேடே என்றே சொல்லும் ஆஸ்பத்திரியும் அப்படி வந்ததுதான். காசநோய்க்குத் தனி மருந்தகம், தொற்றுக் காய்ச்சல்களுக்குத் தனி ஆஸ்பத்திரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900 வாக்கில் ஆயிரம் குழந்தைகளுக்கு 150 பேர் முதல் வருஷத்திலேயே இறந்தார்கள். 1930இல் அது 60-க்கு இறங்கிவிட்டது. பென்சிலின் வருவதற்கு முன்னாலேயே, செல்வி! வீட்டு வாசற்படி ஏறி இறங்கிய பெண்களும் நல்ல பாலும் நல்ல தண்ணீரும் இதில் பெரும்பங்கு செய்தார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி கிணற்றுக்கு வருகிறேன். தெற்கு கிராய்டன் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுத்தது அடிங்டன் என்ற இடத்துக் கிணறு. சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய ஆழமான கிணறு. சுண்ணாம்புப் பாறை நீர் என்றால் சுத்தமானது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. ஆனாலும் வடிகட்டவும் குளோரின் போடவும் அங்கே ஏற்பாடு இருந்தது. 1937 செப்டம்பர் கடைசியில் மராமத்து ஆரம்பித்தது, ஆட்கள் உள்ளே இறங்கினார்கள். வேலை நடந்த காலத்தில் அந்தத் தண்ணீரைப் பல சமயம் வடிகட்டாமல், குளோரின் இல்லாமல் ஊருக்கு ஏற்றினார்கள்.

இறங்கியவர்களில் ஒருவருக்கு எப்போதோ டைபாய்டு வந்து தேறியிருந்தது. உடம்பில் நோய் இல்லை, தெம்பாக இருந்தார். ஆனால் கிருமி அவரை விட்டுப் போகவில்லை. டைபாய்டு வந்தவர்களில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். வருஷக்கணக்கில் மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அவருக்குத் தெரியாது, அவரை வேலைக்கு வைத்தவர்களுக்கும் தெரியாது. யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் கடைசியில் காய்ச்சல்கள் ஆரம்பித்தன. டைபாய்டு உடம்புக்குள் போய் வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதனால் முதல் நோயாளி டாக்டரிடம் போனபோது ஊர் அந்தத் தண்ணீரை வாரக்கணக்கில் குடித்து முடித்திருந்தது. அன்றைக்கு டைபாய்டு என்றால் பாலையும் சந்தேகிப்பார்கள். முந்தைய வருஷம்தான் போர்ன்மத் பக்கம் காய்ச்சாத பாலால் 500 பேருக்கு மேல் படுத்தார்கள். இங்கே நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாம் அடிங்டன் தண்ணீர் போகும் தெருக்கள். நவம்பரில் அந்தக் கிணற்றை நிறுத்தினார்கள். அதற்குள் விதைத்தாகிவிட்டது, மொத்தம் 300-க்கும் அதிகமானவர்கள் படுத்தார்கள்.

இப்போது நான் உனக்குச் சொல்ல வந்த இடம். சுகாதார அதிகாரிக்குக் கிணற்றில் வேலை நடப்பதே தெரியாது. பொறியியல் பிரிவு அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் தரும் சபையும் சுகாதாரத்தைப் பார்க்கும் சபையும் ஒன்றே என்று சொன்னேனே, இரண்டு அதிகாரிகளுக்கும் ஒரே எஜமானர்! மரணம், பிறப்பு, பால், எலி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்த ஊர். ஆள் இறங்கப்போகிறான், குளோரின் நிற்கப்போகிறது என்ற ஒரு வரித் தகவல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவில்லை.

அந்தக் குழந்தைகளை நினைத்துப் பார். டைபாய்டைக் குணப்படுத்தும் குளோராம்பெனிக்கால் மருந்து 1948இல்தான் வந்தது. அன்று டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. வாரக்கணக்கில் படுக்கை, கஞ்சி, ஈரத்துணி, நர்ஸின் கை, அவ்வளவுதான். காய்ச்சல் ஆஸ்பத்திரிகளில் பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் பல ஊர்களில் நோயாளிக்கு ஒரு எண் கொடுத்து, எந்த எண் மோசம், எந்த எண் தேறுகிறது என்று பத்திரிகையில் போடுவார்கள். வீட்டில் தாய் தன் பிள்ளையின் எண்ணைத் தேடிப் பார்ப்பாள். இதைப் படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை.

குடியிருந்தவர்கள் சும்மா விடவில்லை. கூடிப் பேசினார்கள், பகிரங்க விசாரணை வேண்டும் என்று நின்றார்கள். அரசு மர்ஃபி என்ற வழக்கறிஞரை விசாரிக்க நியமித்தது. 1938இல் வந்த அவர் அறிக்கை மூன்று காரணங்கள் ஒன்றுகூடியதைச் சொல்கிறது: கிணற்றுக்குள் வேலை, வேலையாட்களில் ஒரு கிருமி சுமப்பவர், அதே சமயத்தில் வடிகட்டலும் குளோரினும் இல்லாமை. நன்றாகக் கேள். இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்த 43 பேரும் அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸைப் பார்த்திருப்பார்கள். ஒரு தகப்பனும் டைபாய்டு வந்த மகளும் போட்ட வழக்கில் நகரசபையின் அஜாக்கிரதைதான் காரணம் என்று கோர்ட்டும் தீர்ப்புச் சொன்னது.

அந்த வேலையாளைக் குற்றவாளியாக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவர் கூலிக்கு இறங்கினார். எத்தனை பேர் அவர் பெயரைக் கரித்துக்கொட்டியிருப்பார்களோ.

1939இல் சுகாதார அமைச்சகம் எல்லா ஊர்களுக்கும் குடிநீர் வேலைகளில் கடைப்பிடிக்க வேண்டியவற்றை எழுதி அனுப்பியது. இன்றும் இங்கே குடிநீர்க் குழாய்களிலும் கிணறுகளிலும் கை வைப்பவர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி அட்டை வேண்டும். டைபாய்டு வந்ததுண்டா, மஞ்சள்காமாலை உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். மோட்டாரை நிறுத்து. முடியாது என்று சொல்வார்கள் என்று தெரியும். போர்வெல் தண்ணீரையும் லாரியையும் வைத்து எத்தனை நாள் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு எழுத்தில் வை. வாயால் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. ஆள் இறங்கும் நாட்களில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம்கூட ஊருக்குப் போகக்கூடாது. ஹெல்த் இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போ. அவருக்கும் உனக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும், அந்த டேங்க் சண்டையை எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்! இருந்தாலும் போ, தேதியைச் சொல், கையெழுத்து வாங்கு. இறங்குபவர்களுக்கு மலப் பரிசோதனை இப்போதே ஆரம்பித்துவிடு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வர நாளாகும், ஒருமுறை எடுத்தால் போதாது. வைடால் என்ற ரத்த டெஸ்டை நம்பி யாரையும் உள்ளே விடாதே. யாருக்காவது கிருமி இருந்தால் மேலே வேறு வேலை கொடு, கூலியைப் பிடிக்கவிடாதே. பிடித்தால் அடுத்த தரம் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். கிணற்றடியில் கழிப்பறைக்கு ஏற்பாடு செய். வேலை முடிந்ததும் குளோரினைத் தூக்கலாகப் போட்டு ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, சாம்பிள் ரிசல்ட் கைக்கு வந்த பிறகே வால்வைத் திற. கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று நீயே போய்ப் பார், ஆபரேட்டர் நோட்டில் எழுதியதை நம்பாதே.

உனக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். என்ஜினீயருக்கு நர்ஸ் பாடம் எடுக்கிறாளா என்று கோபம் வரும். வரட்டும். ஆனால் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தால் இடமாற்றம் வரும் என்று பயப்படுகிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குரல் அப்படி இருந்தது. அப்படியானால் மறைக்காமல் சொல், சேர்ந்து யோசிக்கலாம். விசாரணை அறிக்கையின் முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன், கமிஷனரிடம் கொடு. படித்த மனுஷன் என்றுதானே சொன்னாய்.

ரமாவிடம் போட்டோ அனுப்பச் சொல். நம் கெமிஸ்ட்ரி மிஸ் கல்யாணத்துக்கு வந்தாரா? இன்னும் அதே ஊதாச் சேலைதானா? சித்திரையில் வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரும்போது உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. சாக்லேட் என்று எழுதாதே, போன மாதச் சர்க்கரை எவ்வளவு என்று அண்ணன் எனக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
மலர்