கோபிக்கு ஒரு கடிதம்

திருப்பூர்

அன்புள்ள பங்காளி,

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடிந்தது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில் இருந்த நான்கு வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது. அம்மணியின் லேப்டாப்பில் யாரோ கல்லூரித் தோழி டிசைன் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பை, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, இலவசமாகப் போட்டுத் தருகிறாளாமே. வேண்டவே வேண்டாம் என்று சொல். என் கடையில் நடந்ததை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

போன பங்குனியில் எங்கள் டிசைனர் பையன் அப்படி ஒன்றை எங்கிருந்தோ இறக்கினான். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு. கடவுச்சொல் 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஊருக்கே தெரிந்த சாவிக்கு எதற்குப் பூட்டு என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான். உள்ளே இருந்த குறிப்பின் முதல் வரியே ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது. பையன் அணைத்தான். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை ஒரு டிசைனும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரே ஆங்கிலக் கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டிருந்தோம், அதுவும் போயிற்று. 11 வருட வேலை, பங்காளி.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் இது ஸ்டாப் டிஜேவியூ என்ற ரகமாம். பெரும்பாலும் கிராக் கோப்புகளில் ஏறித்தான் வருமாம். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் மற்றவர்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் தேடினேன். பழைய ரகங்கள் சிலவற்றுக்குச் சாவி இருக்கிறது, எங்களுடையதற்கு இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் கொடுத்தேன். பணம் கட்டவில்லை.

பார்ட்டிகளுக்கு மெயிலில் அனுப்பியவை மட்டும் மிஞ்சின. மற்றவற்றுக்குப் பழைய சாம்பிள் துணிகளை ஸ்கேனரில் விரித்துப் போட்டுத் திரும்ப வரைந்தோம். குழந்தைகள் டி-சர்ட்டுக்குப் போட்ட யானை ஒன்று, வாஷ் டெஸ்டுக்குப் போய்வந்த சாம்பிளில் தும்பிக்கை வெளிறிக் கிடந்தது. அந்த வளைவைப் பிடிக்கவே பையனுக்கு அரை நாள் ஆயிற்று.

இலவசம் என்பதால் நான் பயப்படவில்லை. படம் வரையும் இங்க்ஸ்கேப், படம் திருத்தும் ஜிம்ப் இரண்டும் காசில்லாமல் நேர்மையாகவே கிடைக்கின்றன; இன்று என் கடை இங்க்ஸ்கேப்பில்தான் ஓடுகிறது. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பெரிய தளமே ஜிம்ப்பின் விண்டோஸ் பதிப்போடு விளம்பர நிரல்களை ஒட்டிக் கொடுத்து மாட்டிக்கொண்டது. கூகுளில் தேடினால் மேலே வருவது பல நேரம் விளம்பரம், அதிலும் போலி உண்டு. சாஃப்ட்வேரை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்துக்கே போய் எடுக்க வேண்டும்.

உன் போனிலும் கவனமாக இரு. பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதே. அதை நிறுவினால் உனக்கு வரும் ஓடிபி அவர்களுக்கும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அம்மணியின் லேப்டாப்பில் யாரையும் எதையும் போட விடாதே. அவள் படங்களைக் கழற்றி வைக்கத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வருகிறேன்.

உன்
பங்காளி