கீழ்க்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

படம் ஓடி முடிந்துவிட்டது. எங்களுக்கே இன்னும் நம்ப முடியவில்லை. சனிக்கிழமை நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி கிளற மனமில்லை. மண்டபம் கைவிட்டுப் போன பிறகும் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மாடி அறையில் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ ஓடியதென்றால், அது எங்கள் சாமர்த்தியமே இல்லை.

மாடியைத் திறந்துவிட்ட மளிகைக்கடைக்காரர், திரைக்கு வேட்டி கொடுத்த அக்கா, புரொஜெக்டரை டாக்சியில் தூக்கிவந்த பாலிடெக்னிக் பிள்ளைகள், தேத்தண்ணிக்குக் காசு வாங்காத கடை, துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வந்து உட்கார இடமில்லாமல் கடைசிவரை நின்றே பார்த்த தம்பிகள், எல்லோருக்கும் நன்றி. ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் கூடிவந்தும் சத்தம் இல்லை. மடிக்கணினியின் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. வேறு படமென்றால் சமாளித்திருப்போம். இது காதுக்கும் சேர்த்து எடுத்த படம். ஸ்ரீதேவி மெட்டைப் பாட, கமல் அந்தக் கணமே சொல்லை இட்டு நிரப்புவாரே, அந்த ‘சிப்பி இருக்குது’ பாட்டு! எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் விளையாடிய அந்த விளையாட்டை ஊமைப்படமாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

கீழே முடிதிருத்தும் கடை. ஞாயிறு சாயங்காலம் தேக்காவில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கடைக்கார அண்ணனிடம் நாங்கள் எதுவும் கேட்கவே இல்லை. படிக்கட்டில் நாங்கள் புலம்பியது காதில் விழுந்திருக்கிறது. நாற்காலியில் ஒருவர் பாதித் தலையோடு காத்திருக்க, ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றிக் கையில் கொடுத்தார்.

“அண்ணே, கடைக்குப் பாட்டு?”

“ஒருநாள் பாட்டில்லாம வெட்டுனா முடி கோணிக்காது தம்பி. எடுத்துட்டுப் போங்க.”

டெல்லியில் முடிவெட்டிப் பிழைக்கும் மகனைத் தந்தை பூர்ணம் விஸ்வநாதன் பார்க்கும் கட்டத்தில் அண்ணனும் மேலே வந்து வாசலோரம் நின்றார். அறையில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு இல்லை. இறங்கும்போது சொன்னார்: “படிச்ச புள்ள இதுக்கு வந்துட்டானேன்னு எல்லாரும் அழுவுறீங்க. நான் ஊர்லேருந்து கெளம்புறப்பவே இந்த வேலைக்கு ஆசப்பட்டுத்தான் கெளம்புனேன்.”

அதிலிருந்து மனசு அந்தப் பேச்சையே சுற்றுகிறது. கமல் நடித்த ரங்கன் அந்த வேலைக்காக வெட்கப்படுவதில்லை, இயக்குநர் பாலசந்தர் 1980லேயே அதில் தெளிவாக இருந்தார். ஆனாலும் படத்தில் அது எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு போய்ச் சேர்ந்த இடம். கனவோடு நகரத்துக்கு வந்தவர்கள் என்றால் நமக்குப் பட்டதாரியும் நாடக நடிகையும்தான் நினைவுக்கு வருகிறார்கள். கத்தரிக்கோலே கனவாக வந்தவரைப் பற்றி யாராவது படம் எடுத்திருக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்தது அதுதான்.

எந்தப் படமானாலும் இனி ஞாயிறு காலைக் காட்சி, கடை திறப்பதற்கு முன்னால். அண்ணன் உட்கார்ந்து முழுப்படமும் பார்க்கவேண்டும். ஸ்பீக்கரை நாங்களே வாங்கிவிடுகிறோம்.

நன்றியுடன்,
திரையிடல் குழுவினர்