கறிக்கட்டையில் உள்ள கிருமி எந்தப் பண்ணையுடையது?

உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் மாதவரம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைக் கோழிக்கடைகளில் மாதிரி எடுக்கும்போது, "சால்மோனெல்லா உள்ளது" என்ற ஒற்றை வரியோடு அறிக்கையை முடித்துவிடாதீர்கள். எந்தச் சால்மோனெல்லா? இந்தப் பாக்டீரியாவில் 2,500-க்கும் மேற்பட்ட செரோவகைகள் (மேற்பரப்பு மூலக்கூறுகளைக் கொண்டு பிரிக்கும் உள்வகைகள்) உண்டு. கல்லினாரம் என்ற வகை கோழிகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கும். மனிதரை அநேகமாகத் தீண்டாது. என்டெரிடிடிஸ் என்ற வகை புகுந்த வளர்ந்த கோழியோ தெம்பாகத் திரியும். வயிற்றைப் பிடித்துக்கொள்வது சாப்பிட்டவர்தான்.

வயிற்றுப்போக்கு தரும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பிலோபாக்டர் இன்னும் கள்ளத்தனமானது. கோழியின் 41–42 டிகிரி உடற்சூடு அதற்கு மிகத் தோதானது. குருட்டுக்குடலில் பெருகி, சில நாட்களிலேயே கொட்டகை முழுவதும் பரவிவிடும். கோழிக்கு நோய்க்குறி பெரும்பாலும் தெரியாது. ஒரே கொட்டகையில், ஏன் ஒரே கோழியின் குடலில்கூட, பல மரபுவகைகள் சேர்ந்து வாழலாம். சுற்றிலும் சிதறிக் கிடக்கும் டிஎன்ஏவை உறிஞ்சித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வழக்கமும் இதற்கு உண்டு. ஆய்வகத் தட்டில் புள்ளிபுள்ளியாக வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களில் ஒரேயொரு கூட்டத்தை எடுத்துச் சோதித்தால் மற்றவை தப்பிவிடும். குறைந்தது ஐந்தாறையாவது எடுங்கள்.

கடையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. விடியற்காலையில் லோடு வண்டியில் வந்திறங்கும் கோழிகள் வெவ்வேறு பண்ணைகளுடையவையாக இருக்கலாம். கூண்டு ஒன்று, கத்தி ஒன்று, கறிக்கட்டையும் ஒன்று. கட்டையில் கிடைத்த கிருமிக்குக் கடைக்காரர் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்? (கட்டையை ஒழுங்காகக் கழுவாதவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.) பண்ணையிலும் மாதிரி எடுத்து மரபுவகைகளை ஒப்பிட்டால்தான் கிருமி வந்த வழி புலப்படும். எல்லாவற்றையும் முழு மரபணுத்தொகுதி வரை படிக்க வேண்டியதில்லை. ஏழு மரபணுக்களை ஒப்பிடும் முறையே தொடக்கத்துக்குப் போதும்.

இன்னொன்று. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. அந்த மருந்துக்கு அடங்காத தன்மையைத் தரும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. சேகரித்த சால்மோனெல்லாவில் அதையும் தேடுங்கள். தடை பண்ணை வரை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அதில் ஒரு தடயம் கிடைக்கும்.

மாதிரி எடுக்கும் அன்றே வண்டி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கோடு அரசு மருத்துவமனைக்கு வருவோரின் மலத்தில் கிடைக்கும் கிருமிகளையும் இதே முறையில் வகைப்படுத்தி ஒப்பிடுங்கள். முடிவின் நகல் ஒன்று கடைக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் தமிழில் போகட்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் வசிக்கும் நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்