திருப்பூரில் இருக்கும் மகனுக்கு

கண்ணு,

போனில் கேட்டால் "பாத்துக்கலாம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக் கடன் மானியத்தைப் பற்றி பேங்கில் மறுபடியும் கேட்டுவிட்டு வந்தேன். என் பெயரில் வீடு இருப்பதால் உனக்குக் கிடைக்காது என்று கம்பெனியில் யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அது தப்பு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, என் வீடு உன் கணக்கில் வராது. உங்கள் இருவர் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. குடும்பத்தின் வருட வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் சம்பளம் அதற்குள் அடங்கும். இந்த வயதில் மாஸ்டர் ஆனவன் நம் சொந்தத்தில் யார் இருக்கிறார்கள் என்று உன் பெரியப்பாவிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சீட்டை எடுத்து அந்த பைக்கை வாங்கியிருக்க வேண்டாம்.

வீட்டின் விலை 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கடன் 25 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், 12 வருடம் வரைக்கும் கணக்கு. மொத்தம் 1.80 லட்சம் வரை, ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கில்தான் ஏறும். கையில் காசாக வராது. அதை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவலைப் பார்க்காமல் எந்த சைட்டுக்கும் கொடுக்காதே.

முக்கியமான விஷயம், பத்திரம் நம் மருமகள் அம்மிணி பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் இரண்டு பேர் பெயரிலும். விதியே அப்படித்தான். விண்ணப்பத்துக்கு அம்மிணியின் ஆதாரும் வேண்டும். இரண்டு பேருடையதையும் கேட்டேன், உன்னுடையது மட்டும் வந்தது.

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவில் உன் மாமியாரைப் பார்த்தோம். அம்மா பேச்சுக் கொடுத்தாள், அவர் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார். அம்மிணிக்கு போன் போட்டாலும் எடுப்பதில்லை. உன்னிடம் கேட்டால் தூங்குகிறாள் என்கிறாய், சாயங்காலம் ஆறு மணிக்கு. சாப்பிட்டாயா என்றால் மெஸ்ஸில் சாப்பிட்டேன் என்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆதாரைத்தான் கேட்கிறேன்.

பருத்திக்கொட்டை விலை ஏறிவிட்டது. செவலைக் கன்றை இன்னும் விற்கவில்லை, அம்மா விடமாட்டேன் என்கிறாள்.

அட்வான்ஸ் கொடுக்காதே, மறுபடியும் சொல்கிறேன். பத்திரம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும். சேர்ந்து கடன் வாங்கினால் பேங்கில் இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் போட முடியாது. நாளைச் சொல், நானும் வருகிறேன். உனக்குச் சங்கடமாக இருந்தால், சம்பந்தி வீட்டுக்கு நானே போய் அம்மிணியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அப்பா