கூத்துப் பாடகர்களுக்கு முறையான குரல் பயிற்சியும் நிலையான வருமானமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி தொடங்கி ஆடி முடிய, பாலாற்றின் இரு கரையிலும் செய்யாற்றுப் பக்கத்திலும் உள்ள திரௌபதியம்மன் கோயில்களில் கொடியேற்றி, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக அக்னி வசந்த விழா நடப்பதை வட ஆர்க்காட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இரவுகளில் விடிய விடியப் பாடுகிறவர்கள் எங்கே கற்றார்கள், கற்றதைக் கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள், அவர்களுக்குப் பிறகு யார் பாடப் போகிறார்கள் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டு வர விரும்புகிறேன். கணியம்பாடி வட்டாரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வில்லிபாரதத்தை வகுப்பில் நடத்தியதைவிடக் கூத்து நடக்கும் திடலான களரியில் கேட்டதுதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

கூத்து என்றதும் எல்லாரும் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் முகத்து அரிதாரத்தையும்தான் நினைக்கிறார்கள். படம் எடுக்கிறவர்களும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் கூத்து முதலில் பாட்டு. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று, தாளக்கட்டில்லாத விருத்தம் பாடித்தான் தம் வரவைத் தெரிவிக்கிறார். திரை விலகிய பிறகு தாளத்தோடு பாடும் தரு, இடையிடையே வசனம், மறுபடி விருத்தம் என்று கதை முழுவதும் பாட்டின் மேல்தான் நகர்கிறது. அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் அதே சுருதியில் வாங்கித் திருப்பிப் பாடினால்தான், மூச்சு வாங்கவும் அடவு போடவும் அவருக்கு இடைவெளி கிடைக்கும். கச்சேரி மேடையில் ஆண் பாடகர் ஒரு கட்டைச் சுருதியை (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) ஒட்டிப் பாடுவதை நாம் இயல்பாகக் கருதுகிறோம். கூத்தில் அதைவிடப் பல கட்டை மேலே, தலையிலும் தோளிலும் மரக்கட்டைகளைச் சுமந்துகொண்டு, சுற்றி ஆடியபடி பாட வேண்டியிருக்கிறது. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு நாம் வியக்கிறோம். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்தால் விடிந்த பிறகுதான் மங்களம் பாடுகிறவர்களை நாம் பாடகர் என்று அழைப்பதுகூட இல்லை.

அர்ச்சுனன் தபசு நடக்கும் இரவில் இந்தப் பாட்டின் கடினத்தைக் கண்ணாரக் காணலாம். கோயில் திடலில் நட்ட உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாக ஏறுகிறார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு உண்டு. அவர் ஏற ஏற ஆர்மோனியமும் முகவீணை என்னும் சிறு ஊதுகருவியும் கீழேயே நின்றுவிடுகின்றன. பாதி மரத்துக்கு மேல் சுருதியை அவர் தம் நெஞ்சிலேயேதான் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்காகவும் விபூதிக்காகவும் பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் கீழே மடியேந்தி நிற்க, அதிகாலைப் பனியில், முழு இரவும் பாடிக் களைத்த தொண்டையோடு அவர் பிசகாமல் பாடி இறங்குகிறார். சுருதி சேர்ந்து நிற்பது என்றால் என்னவென்று இசை மாணவர்கள் ஒரு முறையேனும் வந்து கேட்க வேண்டிய இடம் அது என்பது என் துணிபு.

இந்தத் திறமை எப்படி வருகிறது? பத்து வயதுப் பையன் தகப்பனாரோடு அல்லது தாய்மாமனோடு கூத்துக்குப் போகிறான். முதலில் தாளம் போடுகிறான், பிறகு பாலகிருஷ்ணன் வேஷம், அதன் பிறகு பெண் வேஷம் என்று படிப்படியாக வளர்கிறான். வாத்தியார் வாயால் சொல்லிக் கொடுப்பதும் கையெழுத்து நோட்டும்தான் பாடம். பிழை செய்தால் களரியிலேயே திருத்தப்படுகிறான். காதால் கேட்டுக் கற்பதால் நினைவாற்றலும் காலப்பிரமாணமும் இரத்தத்தில் ஊறிவிடுகின்றன. இதை எந்த வகுப்பறையும் எளிதில் தந்துவிட முடியாது. ஆனால் குரலைக் காக்கும் கல்வி இதில் மிகவும் குறைவு. குரல் உடையும் மகரக்கட்டு வரும் வயதில் பையனின் குரலுக்கு ஓய்வு தேவை. அந்த நேரம் பார்த்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆள் குறைந்தால், உடைந்த குரலோடு உச்ச ஸ்தாயியில் கத்த வைக்கிறார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகு சங்கடம் கூடித்தான் இருக்கிறது. வாத்தியங்களுக்கும் மைக் வைத்துவிடுவதால் பாடுகிறவருக்குத் தம் குரல் தமக்கே கேட்பதில்லை. கேட்காததால் மேலும் அழுத்துகிறார். நாற்பது வயதுக்குள் குரல் கரகரத்துப் போகிறது. பனங்கற்கண்டும் சுக்கும்தான் அவர்கள் அறிந்த மருத்துவம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் தேடி வருகிற வேலூரில் தொண்டை மருத்துவர்களுக்குக் குறைவில்லை. கூத்து இல்லாத மழை மாதங்களில் ஒரு நாள் முகாம் நடத்தி, குரல்வளையைப் பரிசோதித்து, தொண்டையை நோகடிக்காமல் உரத்துப் பாடும் முறையைக் கற்பிப்பது இந்த ஊருக்குப் பெரிய காரியம் ஆகாது.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. பழைய வட ஆர்க்காட்டின் பகுதியான திருவண்ணாமலையிலும் அத்தகைய பள்ளி உண்டு. தேவாரத்துக்குத் தனிப் பிரிவு இருப்பது மிகச் சரியானது. அதனால்தான் இன்றும் கோயில்களில் இளம் ஓதுவார்களின் குரல் கேட்கிறது. அதே மண்ணில் வேரூன்றிய கூத்துப் பாட்டுக்கு அப்படியொரு முழுநேரப் பிரிவு ஏன் இல்லை என்பதே என் கேள்வி. சில ஊர்களில் நடக்கும் பகுதி நேர நாட்டுப்புறக் கலை வகுப்புகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வாரத்தில் ஓரிரு மாலை வகுப்பில் ஒரு பின்பாட்டுக்காரரை உருவாக்கிவிட முடியாது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1930-இல் மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் முயற்சியால் தோன்றிய கேரள கலாமண்டலத்தில் கதகளி வேஷம் ஒரு படிப்பு, கதகளி சங்கீதம் வேறொரு படிப்பு. சேங்கிலை என்னும் தட்டு மணியைப் பிடித்து முன்னின்று பாடும் பொன்னானியும், இலத்தாளம் என்னும் கைத்தாளத்தோடு உடன்பாடும் சிங்கிடியும் ஆண்டுக்கணக்காக அதற்கென்றே பயிற்சி பெறுகிறார்கள். ஆடுகிறவருக்குப் பின்னால் நின்று பாடுவது தனியொரு கலை என்று அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம்மிடையே அந்த ஏற்பு தனிமனிதர்களின் உழைப்பால் மட்டுமே நின்றிருக்கிறது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரானும் அவர் வழியினரும் பல தலைமுறைகளாகக் கூத்தைக் கட்டிக் காத்தார்கள். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது இந்த வட்டாரமே மகிழ்ந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசன்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை, பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒன்றாகத் தந்து பையன்களோடு பெண் பிள்ளைகளையும் களரிக்குக் கொண்டு வந்தது. ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்த கலையில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தனியார் முயற்சி எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒரு நாள் நின்றுபோகக்கூடும். அரசுப் பள்ளியின் ஒரு பிரிவு அவ்வளவு எளிதில் நிற்காது.

பயிற்சி மட்டும் தந்துவிட்டுப் பிழைப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், கர்ண மோட்சத்தில் கர்ணனாக நின்று முகாரியில் விருத்தம் எடுத்தால் கருமாதிப் பந்தலில் அமர்ந்திருந்தவர்கள் துக்கம் தாளாமல் தேம்புவார்கள். கூத்துக் காலத்தில் தொடர்ந்து இராத்தூக்கம் இல்லாமல் பாடுவார். விடிந்ததும் பங்கு பிரித்துக் கைக்கு வந்ததை எண்ணிக்கொண்டு முதல் பேருந்தில் ஊர் திரும்புவார். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் அச்சாரம் கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். திருமணமான பிறகு அவர் இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அங்கே மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்குப் போகும் வேன்களில் இன்று எத்தனை கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் கனக்கிறது.

பாட்டாலேயே நடக்கும் மேலை நாட்டு நாடகமான ஆபராவின் பாடகர்களைப் பற்றி நம் பத்திரிகைகளிலும் அவ்வப்போது படிக்கிறோம். ஜெர்மனியில் மட்டும் பொதுப் பணத்தில் நடக்கும் ஆபரா அரங்குகள் எண்பதுக்கு மேல் உள்ளன. அரங்கின் நிலையான குழுவில் சேர்ந்த பாடகருக்கு ஒப்பந்தப்படி மாதச் சம்பளம் உண்டு, பாட்டைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கரையோரக் கர்நாடகத்தில் கட்டீல், தர்மஸ்தலா, மந்தார்த்தி போன்ற கோயில்கள், நம் கூத்தைப் போல் பாட்டும் ஆட்டமுமான யட்சகானக் குழுக்களைத் தாமே நடத்துகின்றன. பக்தர்கள் நேர்த்திக்கடனாக ஆட்டத்தைப் பதிவு செய்கிறார்கள். பாடும் பாகவதரும் வேஷக்காரரும் பருவம் முழுவதற்கும் ஊதியம் பேசிச் சேர்கிறார்கள். திரௌபதியம்மன் கோயிலும் நேர்த்திக்கடனும் நம்மிடமும் இருக்கின்றன. இடையில் ஓர் அமைப்புதான் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளையும் நாகசுரம், தவில் பள்ளிகளையும் ஊக்கத்தொகையோடு நடத்திவரும் இந்து சமய அறநிலையத் துறை, தன் ஆளுகையில் உள்ள வட ஆர்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில்களின் வருமானத்தைக் கொண்டு கூத்துப் பாட்டு மாணவர்களுக்கும் அதே முறையில் ஊக்கத்தொகை தரலாம்; விழாக் காலத்துக்கு ஜமாக்களை எழுத்து மூல ஒப்பந்தத்தில் அமர்த்தி, கூலியை வங்கிக் கணக்கில் செலுத்தலாம். கலை பண்பாட்டுத் துறை திருவண்ணாமலை இசைப் பள்ளியில் கூத்துப் பாட்டுக்கு மூன்றாண்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கலாம். அந்தப் பிரிவுக்கு ஆசிரியரை நியமிக்கும்போது இசைத் தேர்வுச் சான்றிதழும் பட்டமும் கேட்டால் ஒரு வாத்தியார்கூட உள்ளே நுழைய முடியாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முப்பது ஆண்டு களரியில் பாடியவருக்கு அந்தப் பாட்டே தகுதியாக ஏற்கப்பட வேண்டும். கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளைத் தந்து அரசே அடையாளம் கண்ட மூத்தவர்களிடமிருந்து அந்தத் தேர்வைத் தொடங்கலாம்.

கூத்தைப் பள்ளிக்குள் கொண்டுபோனால் அதன் உயிர் போய்விடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பாடத்திட்டம் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர், ஜமாவுக்கு ஜமா மாறும் மெட்டுகளை ஒரே அச்சில் வார்த்துவிடக் கூடாது. அதனால்தான் பகல் பயிற்சி பள்ளியிலும், கூத்துக் காலத்தில் இரவுப் பயிற்சி ஜமாவோடு களரியிலுமாக அமைய வேண்டும் என்கிறேன். முதலாண்டில் குரல் பழக்கமும் சுருதி சேர்ப்பதும், பின் ஆண்டுகளில் விருத்தமும் தருவும் என்று வைத்தால், கூத்துக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளும் கற்க வழி பிறக்கும். அதே கூரையின் கீழ் கர்நாடக இசை படிக்கும் மாணவருக்கும் அதனால் நன்மை உண்டு. தியாகராசரின் மாணவர் வெங்கடரமண பாகவதர் குடியேறி வாழ்ந்த வாலாஜாபேட்டையும், திருப்புகழைப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் தவமிருந்த வள்ளிமலையும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இன்றோ நல்ல குரலுள்ள வேலூர்ப் பிள்ளை காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்த்தான் உயர் பயிற்சி பெற வேண்டியிருக்கிறது. படித்துத் திரும்பினாலும் வீட்டில் வகுப்பெடுப்பதைத் தவிர அவருக்கு இங்கே வேலை அரிது. கூத்துப் பாட்டுப் பிரிவுக்குக் குரல் பயிற்சி தரும் ஆசிரியர்களாக இவர்களை அமர்த்தினால் இரு தரப்பினருக்கும் பயன்படும்.

1989-இலும் 2019-இலும் பிரிக்கப்பட்டு எங்கள் மாவட்டம் இன்று நான்காகிவிட்டது. ஒரே ஜமாவில் போளூர் வாத்தியாரும் ஆர்க்காட்டு ஆர்மோனியக்காரரும் அணைக்கட்டுப் பின்பாட்டுக்காரரும் இருப்பார்கள். உதவி கேட்டு ஆளுக்கொரு மாவட்ட அலுவலகத்துக்கு அலைவது அவர்களால் ஆகாது. நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரே அலுவலர், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியப் பதிவையும் ஊக்கத்தொகை விண்ணப்பத்தையும் விழா நடக்கும் ஊருக்கே வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். வரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இந்த நான்கு மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பாராமல் இதை எழுப்புமாறு தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.