கரி கழுவக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

பினாங்கு உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தீயணைப்பு ஊழியர் சங்கம் என்றால் சம்பளம், வேலை நேரம், அலவன்ஸ் என்று மேசையில் உட்கார்ந்து பேசுகிற அமைப்பு என்றுதான் பலருக்கும் தெரியும். அந்தப் பேச்சு ஒரு பக்கம் நடக்கிறது. இந்த மடல் இன்னொரு வேலையைப் பற்றியது. தீ அணைந்த பிறகும் உடையில் ஒட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து காரில் ஏறி வீடுவரை போய்விடுகிற கரியைத் தடுக்கும் வேலை. இதில் எங்கள் வட்டாரத்து உறுப்பினர்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புத் துறைக்கு, சம்பந்தமே இல்லாதவர்கள். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, தமிழ்ப்பள்ளியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கிற பிரிவு அது. மீசோதீலியோமா எனும் நுரையீரல் உறைப் புற்றுநோய், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் போதிய சான்று இருப்பதாக அது அறிவித்தது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்த செய்தியை அம்மா ஒரே தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதித் தந்தார். ‘மாசுநீக்க நடைமுறை’ என்று நாங்கள் கொடுத்ததை அடித்துவிட்டு, ‘கரி கழுவுதல்’ என்று போட்டார். இன்று எல்லார் வாயிலும் புழங்குவது அந்தச் சொல்தான்.

அந்தத் தாளில் இருப்பதை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். தன்னார்வத் தீயணைப்புப் படையினருக்கும் தொழிற்சாலைத் தீயணைப்புக் குழுவினருக்கும் அது அப்படியே பொருந்தும். புகையிலிருந்து வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றக் கூடாது. சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடியே நிற்க வேண்டும். உடையிலிருந்து கிளம்பும் ஆவியும் தூசும் நேராக மூக்குக்குள் போவது அந்த நேரத்தில்தான். கையுறை போட்ட இன்னொருவர், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வாளித் தண்ணீரையும் மென்மையான பிரஷையும் கொண்டு தலையிலிருந்து கீழ்நோக்கித் தேய்க்க வேண்டும். காலர் மடிப்பு, கக்கம், மணிக்கட்டு, முழங்கால், பூட்ஸ் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் தங்கும். பிறகு குறைந்த அழுத்தத்தில் அலசல். வேகமாகப் பீய்ச்சினால் கரி துணிக்குள்ளே இறங்கிவிடும். வெறும் பிரஷால் தட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சோப்புத் தண்ணீர் உடையின் மேல் படிந்த புகை நச்சில் சுமார் 85 விழுக்காட்டை நீக்கியது. காய்ந்த பிரஷ் நீக்கியது சுமார் 23 விழுக்காடுதான். அதன் பிறகு ஈரத்துணியால் கழுத்து, தாடை, காது மடல், கைகளைத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளித்துவிட வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது தீக்கொழுந்து அடங்கிய பிறகு, சாம்பலைக் கிளறித் தணிக்கும் கட்டத்தில். நம் ஊர் வெக்கையில் முகமூடியை எப்போது கழற்றலாம் என்றுதான் இருக்கும். ஆனால் கனன்று கிடக்கும் மெத்தையும் சோபாவும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் அப்போதும் விட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து, டோபி காட் ஐயாவுக்கு. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் துணி வெளுத்த இடத்திலிருந்து வந்தவர், தன் கடையில் ஒரு மெஷினைத் தீயணைப்பு உடைக்கென்றே ஒதுக்கித் தந்தார். கோட்டைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் செய்தது, உட்புறத்தைப் புரட்டி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்ததுதான். மூன்று அடுக்கு. வெளியே எளிதில் தீப்பற்றாத அராமிட் எனும் செயற்கை இழைத் துணி, நடுவில் தண்ணீர் புகாத மெல்லிய படலம், உள்ளே வெப்பம் தாங்கும் மெத்தை. பருத்தித் துணிக்கு நல்லது செய்கிற காரமும் வெயிலும் இதற்கு எமன் என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார். வெள்ளாவியும் கூடாது, பிளீச்சிங்கும் கூடாது. குளோரின் பட்டால் அராமிட் இழை வலுவிழக்கும். வெயிலில் காயப் போட்டாலும் அதே கதி. இழை நைந்துவிடும்.

அவர் வகுத்த முறை இன்று எங்களுக்குப் பாடம். முன்பக்கம் கதவுள்ள மெஷின்தான் வேண்டும். மேலே திறக்கிற மெஷினின் நடுத்தண்டு படலத்தைக் கிழித்துவிடும். வெளித்துணியையும் உள்மெத்தையையும் பிரித்து, தனித்தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் இருக்கிற கரி உள்ளே ஏறும். கொக்கி, ஜிப், வெல்க்ரோ எல்லாம் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. காரம் அதிகமில்லாத சோப்பு, மென்மையாக்கும் திரவம் துளியும் வேண்டாம். மெஷினை நிறைய அடைக்கக் கூடாது. கடைசியில் துணி எதுவும் போடாமல் ஒருமுறை ஓட்டி டிரம்மைக் கழுவ வேண்டும். காய்வது நிழலில், மின்விசிறிக் காற்றில்.

லெபோ பினாங்கு தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்கும் நன்றி. வெளித்துணியில் பிரிந்த தையலைச் சாதாரண பாலியெஸ்டர் நூலால் தைத்தால் நெருப்பில் நூல் உருகி, தையலே வாய் பிளக்கும். அராமிட் நூலை வாங்கிக் கொடுத்தோம். அது கத்தரிக்கோலுக்கே சுலபத்தில் மசியாது. ஊசியை மாற்றி, தையலின் இடைவெளியை மாற்றி, மூன்று துண்டுத் துணியில் பழகிய பிறகுதான் உடையைத் தொட்டார். நடுப்படலத்தில் கிழிசல் இருந்த கோட்டுகளை மட்டும் தைக்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஊசி போன ஒவ்வொரு துளையிலும் கொதிநீர் உள்ளே வரும் என்பதால் அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவை தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

பிளாஸ்டிக் மொத்த வியாபாரி அண்ணன் கெட்டியான, கண்ணாடிபோல் தெரிகிற பைகளாகப் பார்த்துக் கொடுத்தார். கறுப்புப் பையென்றால் குப்பையோடு போய்விடும். உடையைப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, ஆட்கள் உட்காரும் பகுதியில் வைக்காமல் பின்னால் ஏற்ற வேண்டும். ஈர உடை பையில் நாள்கணக்கில் கிடந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும், ஆகவே பை என்பது டோபி கடைவரைக்கும்தான்.

நேரம் ஒதுக்கி வந்து பேசிய தாதி அக்கா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு தடவை என்றாலும், மருத்துவரிடம் போக வேண்டும். வியர்வையில் உடல் வறண்டதால் நிறம் மாறியிருக்கும் என்று விட்டுவிடுவது தீயணைப்பு ஊழியர்களிடம் எளிதில் ஒட்டிக்கொள்கிற பழக்கம்.

லிட்டில் இந்தியா கடைக்காரர்களை மறக்க முடியாது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமான ஜார்ஜ்டவுனில் கடைவீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. மரத் தளம், மரக் கூரை. 2,000 லிட்டர் சுமக்கும் வண்டியிலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் ஐந்து நிமிடத்துக்குள் தொட்டி காலி. அப்புறம் தெருவோரத் தீயணைப்புக் குழாயான பிலி பொம்பாதான் கதி. அதன் முன்னால் மோட்டார் சைக்கிளையும் சரக்குப் பெட்டியையும் வைக்காமல் நீங்கள் காத்துவரும் அந்த இடைவெளி விலைமதிப்பில்லாதது. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்களுக்கும் இதே நன்றி. கேஸ் தோம்பை (சிலிண்டரை) நிமிர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக வைத்தீர்கள். இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும்.

குடும்பத்தாருக்கு என்ன சொல்வது! தலையுறையையும் கையுறையையும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு சேர்த்துத் துவைக்க மாட்டேன் என்று நீங்கள் பிடித்த பிடிவாதம்தான் பல உறுப்பினர்களை மாற்றியது.

கடைசியாக ஒன்று. டோபி காட் ஐயா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எந்தக் கோட்டு எப்போது வந்தது, வெளித்துணி எப்போது காய்ந்தது, உள்மெத்தை எப்போது காய்ந்தது என்று தேதியும் மணியும் போட்டு எழுதியிருக்கிறார். மழைக்காலத்தில் மெத்தை காய்வதற்குள் அடுத்த வேலைமுறை வந்துவிடுவதை அந்தப் பக்கங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆளுக்கு இரண்டாவது செட் உடை வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை மனுவில், அவர் அனுமதியோடு, அந்த நோட்டின் நகலை இணைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
சங்கச் செயலவையினர்,
ஜார்ஜ்டவுன்