விலையைக் கூட்டிட்டன் மச்சான்

மச்சான்,

முடிவு எடுத்தாச்சு. பலசரக்குக் கடைக்கான பில் மென்பொருள் இனிப் புதுசா யாருக்கும் இல்ல. நெல் ஆலைக்கு மட்டும்தான், அதுவும் மூண்டு மடங்கு விலைக்கு. மட்டக்களப்பில ஒரு கதை நீ இருக்கிற கட்டாருக்கு எப்பிடிப் போய்ச் சேருமெண்டு தெரியும், அதான் நானே எழுதுறன். ஊரும் வாசிக்கும், ஆக்கள்ட பேர் வேணாம்.

சேந்து நடத்தின கம்பனியில நாம பிரிஞ்ச கதையை விடு. எனக்கு அந்தச் சம்மாந்துறை ஆலைதான் நினைவில நிக்குது. பெரும்போக அறுவடை, வாசலில லொறி வரிசை, நம்மட மென்பொருள் நெல் எடையில ஈரப்பதனுக்கான கழிவை ரெண்டு தரம் கழிக்குது. நெல் மூட்டையில குந்தி, கீபோட்டில படிஞ்ச உமித்தூசை ஊதி ஊதி, விடியப்புறம் சரியாக்கினாய். முதலாளி பிளேன்டீ குடுத்திட்டு, "தம்பி, ஐயாயிரம் குறைக்க ஒண்ணாதா?" எண்டார். சிரிச்சிக்கிட்டே குறைச்சிட்டாய்! அந்த மனசு எனக்கு வராது. ஆனா பொடியங்களுக்குச் சம்பளம் தேடினது நான்தானே. 2022இல டொலர் 200இல இருந்து 360க்குப் போச்சு, சேர்வர் காசு டொலரில, நம்மட விலை மட்டும் அசையல்ல.

அந்த ராத்திரி நீ செஞ்ச வேலையை வேற ஆர் செய்வான்? அதுக்குத்தான் காசு வாங்கியிருக்கோணும். கடைக்காரன் விலையை மட்டும்தான் பாப்பான், நாளைக்கு ஒருத்தன் சும்மா குடுத்தா அங்க போயிருவான்.

மலிவா வித்தே வளந்தாங்கெண்டு நீ எப்பவும் சீனப் போன் கம்பனி சியோமியைச் சொல்லுவாய். 2018இல அதின்ட தலைவர் லெய் ஜுன், வன்பொருளில 5 சதவீதத்துக்கு மேல லாபம் எடுக்க மாட்டம் எண்டார், செரி. மறுகா நடந்ததை நீ பாக்கல்ல. 2019இல ரெட்மியைத் தனியாப் பிரிச்சி மலிவை அதுக்குள்ள விட்டாங்க. 1999 யுவானில முதல் போன் வித்த கம்பனி, 2020இல மி 10 போனை 3999க்கு வித்திச்சு. 2022இல ஜெர்மன் கமராக் கம்பனி லைக்காவும் சேந்திட்டு. மலிவு அவங்களுக்கு வாசல்படி. நாம அதிலயே பாய் விரிச்சிப் படுத்திட்டம்.

ஏன் விலையைக் குறைச்சாய் எண்டு பொடியங்களுக்கு முன்னால உன்னை அப்பிடிக் கேட்டதுக்குக் குறை நினையாத. கேட்ட விசயம் சரிதான், இப்பயும் கேப்பன். நீ இருந்திருந்தா இந்த ஆலை வேலை இன்னும் வடிவா வந்திருக்கும், அதையும் சொல்லத்தான் வேணும். போகக்குள்ள ஒரு வார்த்தை சொல்லாமப் போனவன் நீ.

பழைய கடைகளுக்கு இந்த வருசம் பழைய விலைதான். உன்ட மாமாட கடையும் அதுக்குள்ள. ராத்திரிப் பத்து மணிக்குப் பிறகு கோல் எடுக்க வேணாமெண்டு அவருக்கு நீயே சொல்லு.